கொளுக்கி பதினேழில் எடுத்த ஒரே ஓர் அளவு

வவுணதீவில் நான் இருக்கும் கல்வீட்டை நானே கட்டினேன். அத்திவாரம் வெட்டியதும் நான், மட்டம் பார்த்ததும் நான். வட்டைக்குள் மூன்று ஏக்கர் வயல் வாங்கினேன். இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பித்தேன். மூத்தவள் இன்று கணக்கு டீச்சர். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் மகள் கணக்கு டீச்சர், யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் எத்தனையோ கிணறுகள் என் கையால் வெட்டியவை. மற்றக் கிணறுகள் வற்றுகிற காலத்திலும் அவற்றில் வாளி முட்டத் தண்ணீர் வரும், வந்து பார்க்கலாம்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. சிங்கள நாட்டுப் பக்கம் ஒரு காரீயச் சுரங்கத்தில், பென்சிலுக்குள் இருக்கிற அந்தக் கறுப்புப் பொருளைத் தோண்டியெடுக்கிற இடத்தில், மலை அசைகிறதா இல்லையா என்று அளக்கிற வேலையை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கட்டியெழுப்பியவன் நான். சுவரில் துளை போட்டு, சீமெந்து வைத்து, அளவுக் கொளுக்கிகளை இறுக்கியது நான். நாற்பத்தொரு இடம். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரும் புதிருமாக இரண்டு கொளுக்கி. அளக்கும் நாடாவை வைக்கப் பலாமரத்தில் பெட்டி செய்ததும் நான்தான். சிங்களம் எழுதத் தெரியாது, இங்கிலீசு வாயில் நுழையாது. ஆனால் முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொல்ல அந்தச் சுரங்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

பெரிய வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே என்னைப்போலப் பயந்தவன் ஒருவனும் இல்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன். பயமில்லாதவர்கள் சிலரைச் சாக்கில் சுற்றி மேலே ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மயூரன் சேர். யாழ்ப்பாணத்தவர். அன்று துணை எஞ்சினியராக வந்தவர், இன்று அதே வேலைக்குப் பெரிய தலை. போன மாதம் போன் எடுத்தார்.

“அண்ணை, எப்பிடி இருக்கிறியள்? புதுசா வாற பிள்ளையளுக்கு ஒரு கைநூல் அடிக்கிறம். இப்ப எல்லாம் கம்ப்யூட்டரில வருது, ஒருத்தரும் நாடா பிடிக்கிறேல்லை. முந்தி எப்பிடி அளந்தனாங்கள் எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ.”

“ரெண்டு பக்கமா? ஒரு கொளுக்கியப் பத்தி எழுதவே ரெண்டு பக்கம் காணாது சேர்.”

“நீங்கள் மாறவே இல்லை அண்ணை,” என்று சிரித்தார். கைநூலில் எழுதி முடித்த பகுதியையும் போனில் அனுப்பினார். மகள் வாசித்துக் காட்டினாள். ஒரு பந்தி வந்ததும் “நிப்பாட்டு மனே, திரும்ப வாசி” என்றேன். அதில் இப்படி இருந்தது: “புத்தாண்டு விடுமுறைக்குப் பின்னர் தொண்ணூறு பாகத் தளத்தில் கருவி ஆபத்தைக் காட்டியது. மூன்று அளவுகள் எடுக்கப்பட்டு, துணை எஞ்சினியரால் ஆட்கள் வெளியேற்றப்பட்டனர்.”

கருவி காட்டியதாம். அளவு எடுக்கப்பட்டதாம். கருவிக்குக் கால் இருக்கிறதா, தானே நடந்து போய்ச் சுவரில் தொங்க? அதோடு, மூன்று அளவு என்று எழுதியிருக்கிறது. அந்த மூன்றைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். இது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். மூன்றாமவர் ஒருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் இப்போது உயிரோடு இல்லை.

நான் சுரங்கத்துக்குப் போனது கிணற்றால். பதினாறு வயதில் என் மாமாவோடு கொக்கட்டிச்சோலைப் பக்கம் கிணறு வெட்டப் போனேன். மேலே களி, கீழே மணல். மணல் சரிவதற்கு முன் சத்தம் போடாது. ஒரு பிடி தோளில் விழும், அவ்வளவுதான். மாமா நெஞ்சு வரை புதைந்தார். கயிறு கட்டி இழுத்து எடுத்தோம். ஆள் பிழைத்தார், ஆனால் அதன் பிறகு கிணற்றில் இறங்கவில்லை. நான் இறங்கினேன். இறங்கும்போதெல்லாம் தோளில் எதுவும் விழுகிறதா என்று கவனித்துக்கொண்டே வெட்டினேன். அந்தக் கவனம்தான் எனக்குப் படிப்பு.

பிறகு நாட்டில் சண்டை வந்து காலம் கெட்டது. ஏறாவூர் ஹனிபா காக்கா முன்பே அந்தச் சுரங்கத்தில் முட்டுமரம் வைக்கிற வேலையில் இருந்தார். கல்லுக்குக் கீழே மரத்தைக் கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்குகிற வேலை. “வா தம்பி, மண்ணுக்குள்ள போறவனுக்கு அங்க நல்ல மரியாத இரிக்கி” என்று லொறி ஒன்றில் ஏற்றிக் கொண்டுபோனார். எனக்கு அங்கே மேலே இருந்தால் ஒரு பயம், கீழே இருந்தால் இன்னொரு பயம். மேலே தமிழனென்று பிடிப்பார்கள் என்கிற பயத்துக்கு அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கீழே இருக்கிறதுக்கு என்ன அட்டை இருக்கிறது?

சுரங்கத்தில் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள், ஒரு பாகம் ஆறடி. எங்கள் ஆற்றில் தோணிக்காரர் கயிறு விட்டுப் பார்த்து, ஒரு பாகம், இரண்டு பாகம் என்பார்கள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. இங்கே லிப்ட் மாதிரி இறங்குகிற இரும்புக் கூட்டில் ஏறினால் தொண்ணூறு பாகம் கீழே விடுவார்கள். கதவு திறந்தால் சூடும் ஈரமும் முகத்தில் அடிக்கும். சுவரெல்லாம் காரீயம் மினுங்கும், கை வைத்தால் எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். அழகாக இருக்கும். ஆனால் வழுக்குகிற கல்லுக்கு மேல் நிற்கிற கல் எப்போது வழுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அளவு வேலைக்கு என்னை எடுத்த கதை சிறியது. ஒருநாள் ஓர் இடத்துக்குள் போகமாட்டேன் என்று நின்றுவிட்டேன். மேற்பார்வைக்காரர் ஏசினார். அந்த வழியால் வந்த எஞ்சினியர் குணசேகர மாத்தயா ஏன் போகவில்லை என்று கேட்டார். அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, வாங்கிச் சுவரில் இரண்டு இடத்தில் தட்டிக் காட்டினேன். நல்ல கல் மணி மாதிரிக் கேட்கும். கழன்ற கல் வெறும் மரப்பெட்டியைத் தட்டியதுபோலக் கேட்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் தட்டச் சொன்னார். மூன்றாம் தடவை கண்ணைத் திறந்து, “நாளைக்கு என் கந்தோருக்கு வா” என்றார். அவர் பேசியது சிங்களத்தில், மாத்தயா என்றால் ஐயா. அவருடைய பேச்சையெல்லாம் நான் தமிழில்தான் எழுதுகிறேன்.

குணசேகர மாத்தயாவைப் போல ஒரு மனிதனை நான் கண்டதில்லை. சுரங்கத்துக்குள்ளும் சட்டையின் மேல் பொத்தான் பூட்டியிருக்கும். சத்தமாக ஒரு சொல் பேசமாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். அப்போது பக்கத்தில் போய்க் காது கொடுத்துத்தான் ஏச்சு வாங்கவேண்டும். “கிட்டத்தட்ட” என்ற சொல் அவருக்கு ஆகாது. “கிட்ட என்றால் எவ்வளவு, தட்ட என்றால் எவ்வளவு?” என்று கேட்பார்.

அவர் காட்டித்தந்த முறையை எழுதுகிறேன், புதிய பிள்ளைகள் இதையாவது படிக்கட்டும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு கொளுக்கி. அவற்றுக்கிடையில் துளையிட்ட இரும்பு நாடாவை மாட்டவேண்டும். ஒரு முனையில் ஸ்பிரிங்கும் கடிகாரம்போல ஒரு முகமும் இருக்கும். ஸ்பிரிங்கைக் குறி வரும் வரை இறுக்கிவிட்டு முள்ளைப் பார்க்கவேண்டும். முகத்தில் இருக்கிற சிறிய கோடுகள் நூறு சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அவ்வளவு நுணுக்கம். முள் குறைந்தால் சுவர்கள் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன என்று பொருள்.

ஒரு தடவை பார்த்தால் அது அளவே இல்லை. பார்த்ததும் நாடாவைக் கழற்றி, திரும்ப மாட்டி, திரும்ப இறுக்கவேண்டும். இப்படி மூன்று தடவை. மூன்றும் இரண்டு மூன்று கோட்டுக்குள் ஒத்துவந்தால்தான் புத்தகத்தில் ஏறும். முந்திய வார அளவு எழுதிய புத்தகம் அளப்பவன் கையில் இருக்கக்கூடாது. தெரிந்தால் கண் அந்த எண்ணைத் தேடுமாம். எண்ணை வாயால் சொல்லவும் கூடாது, முதலில் கடதாசித் துண்டில் எழுதவேண்டும். “வாய் பயப்படும், பென்சில் பயப்படாது” என்பார். புத்தகத்தை அவர் வைத்திருப்பார், பிறகு மயூரன் சேர் வைத்திருந்தார். எனக்குத் தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் நாற்பத்தொரு இடத்தின் அளவும் எனக்குள் இருந்தது. பெற்ற பிள்ளையின் வயதை மறக்கச் சொன்னால் மறப்பீர்களா?

பாறைக்குள் அடித்த இரும்பு ஆணிகளை எண்ணெய்ப் பம்பினால் இழுத்துப் பார்க்கிற வேலையும் செய்தோம். எத்தனையோ ஆணி என் கண்முன் கழன்று வந்தது. அதைப்பற்றி எழுதப் போனால் விஷயம் நீளும். பதினேழுக்கு வருகிறேன்.

கொளுக்கி பதினேழு தொண்ணூறு பாகத்தில், கூடு வந்து நிற்கிற கூட்டடியிலிருந்து ஏறத்தாழ இருநூறு அடி உள்ளே இருந்தது. அதற்கு அப்பால் காரீயம் வெட்டுகிற இடம். புதுவருடத்துக்கு முன் சில வாரமாகப் பதினேழு மெல்ல நெருங்கிக்கொண்டு வந்தது. வாரத்துக்கு நாலு கோடு, ஐந்து கோடு. குணசேகர மாத்தயா, “பார்த்துக்கொண்டிரு” என்று மட்டும் சொன்னார். பிறகு சித்திரைப் புதுவருடம் வந்தது. சிங்களவருக்கும் எங்களுக்கும் ஒரே நாள். சுரங்கம் பூட்டி எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். ஆறு நாள் ஒருவரும் அளக்கவில்லை.

திரும்ப வேலை தொடங்குவதற்கு ஒரு சுபநேரம் இருக்கிறது. அந்த நிமிஷத்தில் முதல் கொத்து விழவேண்டும். தவறினால் வருடம் முழுவதும் வேலை விளங்காது என்று அங்கே எல்லாருக்கும் நம்பிக்கை, எனக்கும் உண்டு. அந்த வருடம் அது காலை பத்தரைக்குச் சற்று முந்தி வந்தது. எங்கள் ஆட்கள் காலையிலேயே இறங்கி, பாதை ஓரமெல்லாம் தேங்காய் எண்ணெய் விளக்கு கொளுத்தி, பூ வைத்துவிட்டார்கள். கூட்டடியில் பாற்சோறு வந்து காத்திருந்தது. மனேஜர் வெள்ளை உடுப்போடு வந்து நின்றார். குணசேகர மாத்தயா ஊரிலிருந்து வந்து சேரவில்லை, மத்தியானம் ஆகும் என்றார்கள். அவருக்குப் பதில் மயூரன் சேர் புத்தகத்தோடு இறங்கினார். வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

ஆட்களைக் கூட்டடியில் மறித்துவிட்டு நாங்கள் இருவரும் பதினேழுக்குப் போனோம். ஹனிபா காக்கா மட்டும் முன்னாலேயே உள்ளே போயிருந்தார். ஆறு நாளில் தளர்ந்த ஆப்புகளை அடித்து இறுக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். தூரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது.

நாடாவை மாட்டினேன். மூன்று தடவை கழற்றி மாட்டி, மூன்றையும் எழுதித் துண்டை நீட்டினேன். மயூரன் சேர் புத்தகத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். அவர் சொல்லவேண்டிய தேவை இல்லை. அறுபது கோடு குறைந்திருந்தது எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஐந்து கோடு போன சுவர் ஆறு நாளில் அறுபது. என் தோள் தானாகக் கூசியது.

“அண்ணை, கீழ பாருங்கோ,” என்றார். நாடாவுக்கு நேர் கீழே வரிசையாக ஏழெட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “சூடு. நாடா சூட்டில நீண்டிட்டுது. நீண்ட நாடாவால அளந்தால் தூரம் குறைஞ்ச மாதிரித்தானே காட்டும்.”

“வெப்பமானி வச்சுத்தானே அளக்கிறம் சேர்?”

“வெப்பமானி சுவரில தொங்குது. விளக்கு நாடாவுக்குக் கீழ இருக்குது.”

அவர் சொன்னது பிழையில்லை, படித்த மனிதர். ஆனால் எனக்கும் ஒரு படிப்பு இருந்தது. ஒரு மழை நாளில் அந்த நாடாவை வேண்டுமென்றே விளக்கால் சூடாக்கி, முள் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்திருக்கிறேன், ஒருவருக்கும் சொல்லாமல். முப்பது கோடு ஓடியது, அதற்கு மேல் இல்லை. மிச்ச முப்பது யாருடையது?

“விளக்கெல்லாத்தையும் எடுப்பம் சேர். நாடா ஆறட்டும். மறுகா ஒருக்கா அளப்பம். விளக்குச் சூடெண்டா முள்ளு பழையபடி ஏறோணும்.”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சுபநேரத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம். சரி என்றார். நாடாவை மாட்டியபடி ஆறவிட்டு, விளக்குகளைப் பொறுக்கிக்கொண்டு கூட்டடிக்கு வந்தோம். காக்காவைக் கூப்பிடவில்லை. விளக்குச் சூடாகத்தான் இருக்கும் என்று எங்கோ ஒரு மூலையில் நானும் நம்ப ஆசைப்பட்டிருக்கிறேன்.

கூட்டடியில் மனேஜர் முகம் நன்றாக இல்லை. “அளவு முடிந்ததா? ஆட்கள் போகலாமா?” மயூரன் சேர் இங்கிலீசில் ஏதோ விளக்கினார். ஆட்கள் முணுமுணுத்தார்கள். “சாமித்தம்பிக்குப் பாற்சோறு முதலில் கொடுங்கள், அப்போதாவது பயம் தெளியும்” என்று ஒருவன் என்னைக் காட்டிச் சிங்களத்தில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அரை மணி நேரம் இருந்தேன். இரண்டாம் தடவைக்கு நான் தனியாகப் போனேன். ஆபத்து என்று சந்தேகப்பட்ட இடத்துக்கு ஒருவன்தான் போகவேண்டும் என்பது விதி. மயூரன் சேர் வாறன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். ஆட்களை மறித்து வைக்க ஒருவர் வேண்டுமே.

இருநூறு அடி. விளக்கில்லாத பாதையில் தொப்பி லைட் மட்டும். தண்ணீர் சொட்டுகிற சத்தம், என் பூட்ஸ் சத்தம், உள்ளே காக்காவின் சுத்தியல். பதினேழுக்கு முந்திய முட்டுமரத்தில் கை வைத்தேன். மரம் கையோடு பேசியது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சத்தம் இல்லை, ஒரு நடுக்கம், பல்லைக் கடிக்கிறபோது தாடையில் வருமே, அப்படி.

நாடா ஆறிக் குளிர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங்கைக் குறிக்கு இறுக்கினேன். முள்ளைப் பார்த்தேன்.

ஏறவேண்டிய முள் இறங்கியிருந்தது. நாடா குளிர்ந்தால் சுருங்கும், தூரம் கூடினதாகக் காட்டவேண்டும். காட்டவில்லை. முதல் அளவிலிருந்து இன்னும் தொண்ணூறு கோடு குறைந்து நின்றது. நின்றது என்று எழுதுவதும் பொய். நான் துண்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது ஸ்பிரிங் குறியை விட்டுத் தளர்ந்திருந்தது. நான் தொடவில்லை. சுவர் தொட்டிருந்தது.

இனி விதி என்ன? நாடாவைக் கழற்றவேண்டும். திரும்ப மாட்டவேண்டும். இன்னும் இரண்டு தடவை. என் கை கொளுக்கிக்குப் போனது. அந்த நேரம் மேலிருந்து ஒரு பிடி தூள் என் தோளில் விழுந்தது. மணல் இல்லை, காரீயத் தூள். எனக்கு அது மணலாகத்தான் தெரிந்தது.

ஓடினேன்.

நாடாவை அப்படியே விட்டுவிட்டு, பலாமரப் பெட்டியையும் விட்டுவிட்டு, துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓடினேன். பத்துப் பதினைந்து அடி ஓடிய பிறகுதான் காக்கா நினைவுக்கு வந்தார். அவர் எனக்குப் பின்னால், பதினேழுக்கு அந்தப் பக்கம். கிறுகித் திரும்பி நின்றேன். கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. திரும்பிப் போக ஓர் அடி வைத்தேன், இரண்டாம் அடிக்குக் கால் வரவில்லை. இதை எழுதாமல் விடலாம். எழுதாமல் விட்டால் மற்றதையும் நம்பமாட்டீர்கள்.

சுவரோரம் அலவாங்கு ஒன்று கிடந்தது. எடுத்துத் தள்ளுவண்டித் தண்டவாளத்தில் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். இரும்புச் சத்தம் உள்ளே ஓடியது. சுத்தியல் நின்றது. பிறகு ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. நடந்துதான் வந்தார். பதினேழின் நாடாவுக்குக் கீழே குனிந்து, இந்தப் பக்கம் நிமிர்ந்தார்.

“என்ன தம்பி, பாற்சோறு வந்திட்டா?”

“ஓடுங்க காக்கா! கெதியா!”

“அல்லாவே, சோத்துக்கா இந்த ஓட்டம்?” என்றவர் என் முகத்தில் லைட்டை அடித்துப் பார்த்தார். எனக்கு முன்னால் ஓடினார்.

கூட்டடிக்கு வந்து துண்டை மயூரன் சேரிடம் கொடுத்தேன். அவர் முகத்தில் இரத்தம் இல்லை. மனேஜர் மணிக்கூட்டைக் காட்டினார். ஐந்து நிமிஷம்கூட இல்லை. ஆட்கள் பிக்காசுகளோடு உள்ளே போக முன்னுக்கு நகர்ந்தார்கள். மயூரன் சேர் கையை விரித்து மறித்தார், ஆனால் சின்ன வயது, குரல் உடைந்தது. சுபநேரம் போகப் போகிறது என்று சத்தம் கிளம்பியது. அப்போது நான்தான் பேசினேன். மனேஜரைப் பார்த்து எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன்: “மாத்தயா, நேரம் ஒன்றுதான் முக்கியம், இடம் இல்லை! மலை ஒரே மலை! முதல் கொத்தை இங்கே கொத்துங்கள்!” என் கையிலிருந்த அலவாங்கால் கூட்டடிச் சுவரில் தட்டினேன். மணி மாதிரிக் கேட்டது. நல்ல கல்.

மனேஜர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பிக்காசை வாங்கினார். சரியாக நேரத்துக்கு முதல் கொத்து கூட்டடிச் சுவரில் விழுந்தது. காரீயம் ஒரு துளியும் இல்லாத வெறுங்கல். எல்லாரும் வரிசையாக ஒவ்வொரு கொத்து கொத்தினார்கள். யாரோ படமும் எடுத்தார்கள். பாற்சோறு பரிமாறத் தொடங்கினார்கள். எனக்குக் கொடுத்ததைச் சாப்பிடாமல் கையில் வைத்திருந்தேன்.

முதலில் வந்தது காற்று. சத்தம் அதற்குப் பின்னால். காது இரண்டும் அடைத்தது, விளக்குகள் ஒரே ஊதலில் அணைந்தன. பிறகு தரை உதறியது. தொண்ணூறு பாகத்தின் வயிற்றுக்குள் எதுவோ நீண்ட நேரம் உருண்டு உருண்டு ஓய்ந்தது. தூசிக்குள் ஒருவர் முகமும் தெரியவில்லை. யாரோ பௌத்தர்களின் பிரித் ஓதினார். காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கலிமா சொன்னார். நான் எங்கள் கொக்கட்டிச்சோலைச் சிவனைக் கூப்பிட்டேன். மயூரன் சேர் இருட்டுக்குள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு எண்ணினார், அதை நான் மறக்கமாட்டேன். எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது.

மேலே ஏறியதும் கந்தோரில் மயூரன் சேர் கதவைச் சாத்தினார். புத்தகத்தைத் திறந்தார். இரண்டாம் தடவைக்கான வரியில் மூன்று கட்டம். என் துண்டில் ஓர் எண்.

“மற்ற ரெண்டும் எங்க அண்ணை?”

“எடுக்கல்ல சேர். ஓடிட்டன்.”

வெறும் கட்டங்களைப் பார்த்தார். “ஒண்டை வச்சுச் சுபநேரத்தில வேலையை நிப்பாட்டினதெண்டு தெரிஞ்சா உங்களைத்தான் பிடிப்பினம். மாத்தயாவும் ஒரு அளவு அளவில்லை எண்டுதான் சொல்லுவார்.” பேனையை எடுத்து மற்ற இரண்டு கட்டத்தையும் நிரப்பினார். முதல் எண்ணுக்கு ஒரு கோடு கூட்டி ஒன்று, ஒரு கோடு குறைத்து ஒன்று. என்னைக் காப்பாற்றத்தான் செய்தார். நானும் சரியென்று தலையாட்டினேன். வேலை போய்விடும் என்ற பயம். ஓடிவிட்டேன் என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்ற வெட்கமும் இருந்தது. ஆனால் அந்த வரி முழுவதும் அவர் கையெழுத்தாகிவிட்டது, என் பெயர் அதில் இல்லை.

மத்தியானம் குணசேகர மாத்தயா வந்தார். மேல் பொத்தான் பூட்டியிருந்தது. புத்தகத்தைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. கிட்டப் போனேன்.

“மூன்றும் எடுத்தாயா?”

“ஓம் மாத்தயா.”

“ஒவ்வொரு தடவையும் கழற்றினாயா?”

“ஓம் மாத்தயா.”

“அப்படியென்றால் நாடா எங்கே?”

நாடா மலைக்குள் கிடந்தது. மூன்றாம் அளவு எடுத்தவன் எடுத்து முடித்ததும் நாடாவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டல்லவா வருவான்? “உள்ளே, மாத்தயா” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தை மெல்ல மூடினார். “சரி, போய்ச் சாப்பிடு” என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு நான் எதிர்பார்த்த ஏச்சு இன்றுவரை விழவில்லை. அதுதான் பெரிய ஏச்சு.

அடுத்த வாரம் புது நாடா வந்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் குணசேகர மாத்தயா தன் கையால் ஒரு விதி சேர்த்திருந்தார். மயூரன் சேர் வாசித்துக் காட்டினார்: வெப்பம் காட்டவேண்டிய திசைக்கு மாறாக முள் போனால் ஓர் அளவு போதும், அளப்பவர் கருவியை விட்டுவிட்டு உடனே வெளியேறவேண்டும். வாசித்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் அந்தச் சுரங்கத்தில் அளந்தேன். இறங்கிய ஒவ்வொரு நாளும் பயந்தேன். ஹனிபா காக்கா ஏறாவூரில் பேரப்பிள்ளைகளோடு இருந்து, படுக்கையில் கண்ணை மூடினார். பாற்சோற்றைக் கண்டால் கடைசிவரை என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

மயூரன் சேர், இனி உங்களுக்கு. நீங்கள் அனுப்பிய கைநூலில் அந்த விதி அப்படியே இருக்கிறது. மகள் வாசித்தாள், கேட்டேன். கீழே ஒரு பெயரும் இல்லை. அந்த விதியைக் காலமான மாத்தயா எழுதினார், ஆனால் அது என் கால் எழுதிய விதி. “கருவி காட்டியது” என்ற வரியை வெட்டிவிடுங்கள். வவுணதீவு மூத்ததம்பி சாமித்தம்பி அளந்தான் என்று எழுதுங்கள். இருட்டுக்குள் பெயர் கூப்பிட்டு எண்ணியது நீங்கள், அதை உங்கள் பெயரில் எழுதுங்கள், ஒருவரும் மறுக்கமாட்டார். ஆனால் மூன்று அளவு என்பதில் இரண்டை அடித்துவிடுங்கள். காப்பாற்றினதற்கு நன்றி. இனிக் காப்பாற்றத் தேவையில்லை, என்னிடமிருந்து எடுக்க இனி வேலையும் இல்லை.

அன்று நீங்கள் திருப்பித் தந்த அந்தத் துண்டு இன்னும் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. எங்கள் சுரங்கத்துக் காரீயப் பென்சிலால் எழுதியது, அழியவில்லை. ஓர் எண்தான் இருக்கிறது. கடைசி இலக்கம் கோணலாக இழுபட்டிருக்கும், கை நடுங்கியதால். மகளிடம் சொல்லி அதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். கைநூலில் அதைப் போடுங்கள். ஓர் அளவு எடுத்தான், ஓடினான் என்று அதற்குக் கீழே எழுதுங்கள். இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.